அழுக்கும் அசலும்

லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சிலைகளையும் ஓவியங்களையும் சுத்தம் செய்யும் முறை தோன்றி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இப்போது அந்த ஒளியை மனிதக் கை பிடித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. யந்திரம் தானே மேற்பரப்பை அளக்கிறது, தானே வரிசை வரிசையாக நகர்கிறது, எங்கே நிறுத்துவது என்பதையும் தானே முடிவு செய்கிறது. ஒரு விஞ்ஞானச் செய்தியாக இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். புரட்ட விடாமல் தடுப்பது அந்தக் கடைசி அம்சம். எங்கே நிறுத்துவது என்பது எழுதுகிறவனும் வரைகிறவனும் வாழ்நாள் முழுவதும் தடுமாறும் கேள்வி. அதை ஒரு யந்திரம் தீர்த்துவிட்டது என்றால், நாம் எண்ணியிருந்ததைவிட அது எளிய கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அல்லது யந்திரம் வேறு ஏதோ கேள்விக்கு விடை சொல்ல, நாம் அதை நம் கேள்விக்கான விடையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதுதான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்த முறைக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1970-களின் தொடக்கத்தில் ஜான் அஸ்மஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெனிஸ் நகருக்குப் போனார். அரித்துக்கொண்டிருந்த சிலைகளை ஹோலோகிராம் என்னும் முப்பரிமாணப் பதிவுகளாக எடுத்து வைப்பதற்காகவே அவர் போனது. சிலை போகட்டும், அதன் சாயலாவது மிஞ்சட்டும் என்கிற நிலைமை. அங்கே, கரி படிந்த பளிங்கின் மேல் அதே லேசரைக் குவித்துப் பார்த்தபோது கறுப்பு மட்டும் பறந்துபோயிற்று. வெள்ளைக் கல் நின்றது. இதில் மாயம் இல்லை. கறுப்பு ஒளியை விழுங்குகிறது, வெள்ளை அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஏழெட்டுக் கூறுகள் மட்டுமே நீடிக்கும் ஒளித் துடிப்புகளை இன்றைய கருவிகள் பயன்படுத்துகின்றன. விழுங்கிய கறுப்புப் படலம் அந்த இமைப்பில் சூடேறிச் சிதறுகிறது. சூடு கல்லுக்குள் இறங்குவதற்குள் துடிப்பு முடிந்துவிடுகிறது. கறுப்பு தீர்ந்ததும், விழுங்குவதற்கு ஏதும் இல்லாததால், வேலை தானாக நின்றுபோகிறது.

தன் எல்லையைத் தானே அறிந்த ஒரு கருவி. மனிதக் கைகள் இந்த வேலையில் செய்து வைத்திருப்பவற்றை நினைத்தால், இதைப் பழிக்க வாய் வராது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பார்த்தினன் சிற்பங்களை, டுவீன் பிரபு கட்டிக்கொடுத்த புதிய கூடத்தில் வைப்பதற்காக 1937-38-இல் செம்புக் கருவிகளாலும் கார்போரண்டத்தாலும் தேய்த்தார்கள். கிரேக்கச் சிற்பம் என்றால் வெள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ரசனை முடிவு செய்திருந்தது. அந்த முடிவுக்கு ஒத்துவராத தேன் நிறத் தோல் சுரண்டப்பட்டது. சுரண்டியது கைதான். தடுமாறும் மனிதக் கை, உயிருள்ள கை என்றெல்லாம் யந்திரத்துக்கு எதிராக ஒரு கவிதை எழுதிவிட நம்மில் யாருக்காவது ஆசை எழுந்தால், அந்தச் செம்புக் கருவியைப் பிடித்திருந்ததும் கைதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே ஏதென்ஸ் கோயில் மலையின் காரியாடிட் சிலைகளை, பாரம் தாங்கி நிற்கும் அந்தக் கன்னியரை, 2011 முதல் அக்ரோபோலிஸ் மியூசியத்தில் பார்வையாளர் கண்முன்னேயே லேசரால் சுத்தம் செய்தார்கள். அதற்குமுன் ஒரு சிக்கல் இருந்தது. அகச்சிவப்பு லேசரால் மட்டும் சுத்தம் செய்த பளிங்கு மஞ்சள் பூத்துக் காணப்பட்டது. கிரீட் தீவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் அகச்சிவப்பையும் புற ஊதாவையும் ஒரே நேரத்தில் கலந்து பாய்ச்சி அதைச் சமாளித்தார்கள். நமக்கு இங்கே முக்கியமானது அவர்கள் கண்ட தீர்வைவிட அந்த மஞ்சளைப் பற்றி எழுந்த சர்ச்சை. மஞ்சள், லேசர் உண்டாக்கிய காயமா? கறுப்பு முழுதும் போகாமல் நின்ற எச்சமா? அல்லது கறுப்புக்கு அடியில் பன்னெடுங்காலமாக இருந்து, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிற, கல்லின் சொந்த முதுமையா? மூன்றாவது என்றால் அதை நீக்குவது சுத்தம் ஆகாது. ஒளியின் அலைநீளத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கும் எது அழுக்கு என்று சொல்வது லேசாக இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கேள்வியாகவே எழாமல், விடை மட்டும் பல வருஷங்கள் அமலில் இருந்தது. அந்த விடையின் பெயர் சாண்ட் பிளாஸ்டிங். காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிக் கோயில் கற்களை வெளுப்பாக்குவது. 40,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது வழக்கம். தேதி முதலில் குறிக்கப்படும். தேதிக்குள் கோயில் 'புதுசாக' வேண்டும். எண்ணெயும் சுண்ணாம்பும் ஏறிய தூண்களை மணல் சில மணி நேரத்தில் வெளுத்துக் கொடுத்தது. கூடவே சிற்பங்களின் விரல் நகங்களையும், நகையின் சிறு மணிகளையும், கல்வெட்டு எழுத்தின் விளிம்புகளையும் எடுத்துக்கொண்டு போயிற்று. எதிர்ப்பு எழுந்து, பிறகு அந்த முறை தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளின் குறைகளைப் பற்றி 2017-இல் ஒரு யுனெஸ்கோ குழுவின் அறிக்கை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2021 ஜூனில் அந்த நீதிமன்றம் கோயில்களையும் தொல்சின்னங்களையும் காப்பது குறித்து 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. எல்லாம் நல்லதே. ஆனால் தடை பிடுங்கியது கருவியைத்தான். அந்தக் கருவியைக் கையிலெடுக்க வைத்த ஆசை அப்படியே இருக்கிறது. சேதமில்லாத மணல் ஒன்று கிடைத்தால் போதும் என்று அது காத்திருக்கிறது. லேசரை அப்படிப்பட்ட மணலாக வரவேற்பதில் நமக்கு எந்தத் தயக்கமும் இருக்காது.

மணல் பீய்ச்சும் கருவி கோயிலுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்கவேண்டும். அது பட்டறையிலிருந்து வந்தது. ஆவடி, அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்கூடங்களில் இரும்பின் துருவையும் பழைய பெயிண்டையும் போக்குவது அன்றாட வேலை: மணல், அமிலத் தொட்டி, உப்புத்தாள், இப்போது லேசர். அங்கே அது முற்றிலும் நியாயமான வேலை. ஒரு வார்ப்புக்கோ தகட்டுக்கோ 'டிராயிங்' இருக்கிறது. அது எப்படி இருக்கவேண்டும் என்பது அது உண்டாவதற்கு முன்பே தாளில் எழுதப்பட்டுவிட்டது. துரு என்பது டிராயிங்கில் இல்லாதது. ஆகவே துரு போகவேண்டும். யாரும் விவாதிப்பதில்லை, விவாதிக்க ஏதுமில்லை.

கலைப்பொருளுக்கு டிராயிங் கிடையாது. இருந்திருந்தாலும் அது சிற்பியோடு போய்விட்டது. ஆனால் சுத்தம் செய்பவனுக்கு ஒன்று தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் எது மிகை, எது குறை என்று அவனால் சொல்லமுடியாது. எனவே அவன் தன் மனதில் ஒன்றை வரைந்துகொள்கிறான். 'அசல்' என்று அதற்குப் பெயர் வைக்கிறான். பிறகு கல்லை அந்த வரைபடத்துக்கு இணங்க வைக்கிறான். பட்டறைக் கருவி கோயிலுக்குள் நுழையும்போது தன்னோடு ரகசியமாகக் கொண்டுவருவது இந்தக் கற்பனை டிராயிங்கைத்தான்.

மனதில் கோயில் கட்டியவர் ஒருவர் இதே வட்டாரத்தில் இருந்திருக்கிறார். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் ஆவடி, பட்டாபிராம் தாண்டி வருகிற திருநின்றவூரின் பூசலார். பெரியபுராணம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். பொருள் கிடைக்காத அந்த அந்தணர் அஸ்திவாரம் முதல் சிகரம் வரை ஒவ்வொரு கல்லாக மனதிலேயே எடுத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிடுகிறார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் காடவர்கோன் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருக்கிறான். இறைவன் கனவில் வந்து, நான் நின்றவூருக்குப் போகவேண்டும், உன் நாளைத் தள்ளி வை என்கிறான். மன்னன் நின்றவூருக்கு வந்து கோயிலைத் தேடுகிறான், இல்லை. பூசலாரைக் கண்டு விஷயம் அறிந்து வணங்கிப் போகிறான். இன்று அங்கே இருதயாலீசுவரர் கோயில் கல்லாலேயே நிற்கிறது. மனக்கோயில் என்பதையும் கடைசியில் கல்லில் கட்டிப் பார்த்தால்தான் நமக்குத் திருப்தி.

இந்தக் கதையைப் பக்தியின் உச்சம் என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். எனக்கு இதில் இன்னொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. பூசலாரின் கோயில் முழுக்க முழுக்க டிராயிங். அதில் பொருள் ஓர் அணுவும் இல்லை. அதனால் அதில் அழுக்கு சேராது, கல் பொரியாது, அதற்குத் திருப்பணி தேவையில்லை. மீட்டெடுப்பவன் மனதில் இருக்கும் 'அசல்' இந்த ஜாதியைச் சேர்ந்தது. வேறுபாடு ஒன்றுதான். பூசலார் தன் மனக்கோயிலை மனதிலேயே வைத்திருந்தார். காஞ்சிக்குப் போய் மன்னன் எடுத்த கல்லைத் தன் கற்பனைக்கு ஏற்பச் செதுக்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. மீட்டெடுப்பவன் அதைத்தான் கேட்கிறான்.

காடவர்கோன் ராஜசிம்மனே என்றும், அந்தக் கற்றளி 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலே என்றும் ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இருக்கட்டும் அல்லது இல்லாது போகட்டும். நம் பிரச்னைக்கு அதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடைக்காது. அது மணற்கல்லால் ஆனது. மிருதுவான கல், காற்றுக்கும் மழைக்கும் உதிர்வது. பல்லவர் காலத்திலேயே அதன்மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு இட்டு வண்ணம் தீட்டியிருந்தார்கள். பிற்காலத்தில் உதிர்ந்த சிற்பங்களின் மேல், செப்பனிடுவதாக எண்ணிக்கொண்டு, கனமான சுண்ணச் சாந்தைப் பூசி மூக்கும் முழியும் வைத்தார்கள். இன்று நாம் காணும் பல உருவங்களின் முகம் பல்லவ முகம் இல்லை. 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரேய் அதன் சுற்றுச் சிற்றாலயங்களில் பல்லவ ஓவியத்தின் துணுக்குகளைக் கண்டெடுத்தார். பின்வந்த பூச்சுக்கு அடியிலிருந்து ஒரு கண்ணும் ஒரு தோளும் ஒரு கைவிரலும் எட்டிப் பார்த்தன.

இந்தச் சுவருக்கு முன்னால் லேசரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மேலே சுண்ணாம்பு. கீழேயும் சுண்ணாம்பு. இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒளியைத் திருப்பி அனுப்புபவை, ரசாயனத்தில் இரண்டும் ஒன்றே. வெனிஸில் தன் எல்லையைத் தானே அறிந்த கருவி இங்கே எந்த எல்லையையும் அறியாது. ஏனெனில் இங்கே எல்லை பொருளில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ராஜசிம்மனின் கொத்தனுக்கும் அவனுக்குப் பல நூற்றாண்டுகள் பின்வந்த கொத்தனுக்கும் இடையே உள்ள தூரத்தை எந்த அலைநீளமும் அளக்காது. வெனிஸில் அந்த இரண்டு எல்லைகளும், பொருளின் எல்லையும் சரித்திரத்தின் எல்லையும், தற்செயலாக ஒரே கோட்டில் அமைந்துவிட்டன. கல் சிற்பியுடையது, கரி தொழிற்சாலையுடையது. அந்தத் தற்செயலைக் கருவியின் ஞானம் என்று எண்ணிவிட்டோம்.

அப்படியானால் வல்லுநர் முடிவு செய்யட்டும், பின்வந்த பூச்சை அகற்றிப் பல்லவனை வெளிக்கொணரட்டும் என்று ஒருவர் சொல்லக்கூடும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவோம். அதே 1931-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருண்ட உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த சோழ ஓவியத்தைக் கண்டார். வெள்ளை யானை மேல் கயிலை செல்லும் சுந்தரரும், திரிபுரம் எரித்தவனும் வெளியே வந்தார்கள். தமிழ்க் கலை சரித்திரமே மாறிப்போயிற்று. பிறகு தொல்லியல் துறையினர், சோழ ஓவியங்களின் மேலிருந்த நாயக்கர் ஓவியங்கள் 16-ஐப் பூச்சோடு பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றித் தனியாகக் காட்சிக்கு வைத்தார்கள். திறமையான, பொறுப்பான வேலை. நாயக்கன் அழிக்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டான். ஆனாலும் நாயக்கர் ஓவியம் அந்தச் சுவருக்காக, அந்த இருட்டுக்காக, அங்கே விளக்கோடு சுற்றி வருபவனுக்காக எழுதப்பட்டது. பலகையில் ஏறியதும் அது ஓவியத்தின் உதாரணமாகிவிட்டது. சோழன் பெரியவன், நாயக்கன் சிறியவன் என்கிற நம் 20-ஆம் நூற்றாண்டு மதிப்பீடுதான் அதைப் பெயர்த்தது. அந்த மதிப்பீடு எனக்கும் உண்டு. அது இருப்பதாலேயே அதைச் சந்தேகிக்கிறேன். பார்த்தினனின் வெள்ளை மேல் டுவீனுக்கு இருந்த நிச்சயம் இதைவிடக் குறைந்ததல்ல.

இன்னும் சிக்கலான இடம் நம்முடைய கரி. வெனிஸின் கரி புகைபோக்கியிலிருந்து வந்தது. நம் கோயில் சுவரின் கரி பெரும்பாலும் விளக்கிலிருந்து வந்தது. சோழர் கல்வெட்டுகளைப் புரட்டுகிறவர்கள் சலித்துப்போகிற அளவுக்குத் திரும்பத் திரும்ப வருவது நந்தா விளக்குக் கொடை. இன்னார் இந்த விளக்கு எரிய 96 ஆடு கொடுத்தார், அந்த ஆடுகள் சாவா மூவாப் பேராடு, சந்திரன் சூரியன் உள்ளவரை இது நடக்கவேண்டும். அந்த எழுத்தின் பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கல்வெட்டு ஒரு வாக்குறுதி. கரி, அந்த வாக்குறுதி நிறைவேற்றப்பட்டதன் தடயம். வாக்குறுதியைப் படிப்பதற்காக அது காப்பாற்றப்பட்டதற்கான சாட்சியத்தை அழிக்கிறோம். அழிக்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. படிக்க வேண்டியதுதான். ஆனால் இதை 'அழுக்கு எடுத்தல்' என்ற சொல்லால் குறிப்பிடும்போது, நாம் ஒரு தேர்வு செய்கிறோம் என்பதே நம் பிரக்ஞையில் இல்லாமல் போகிறது.

கருங்கல்லில் லேசரின் நிலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கருங்கல் ஒரே பொருள் அல்ல. பல கனிமங்களின் கலவை. நாம் காக்காப்பொன் என்று சொல்லும் அப்பிரகத்தின் கறுப்பு வகை அதில் விரவியிருக்கும். கரியும் கறுப்பு, அதுவும் கறுப்பு. கரி போனபின் அந்தக் கறுப்பு ஒளியை விழுங்கி உருகும். ஓவியங்களில் சாதிலிங்கச் சிவப்பும் ஈய வெள்ளையும் லேசர் பட்டால் கறுத்துப்போகும் என்பதும் அறிந்த விஷயம். கருவிக்குத் தெரிந்தது விழுங்குவது, விழுங்காதது என்ற இரண்டே ஜாதிகள். உலகத்தை இரண்டே ஜாதியாகப் பிரித்துப் பார்ப்பவர்களை நாம் இலக்கியத்திலும் கண்டிருக்கிறோம்.

இங்கேதான் தானியங்கி முறை தன் பதிலைச் சொல்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சிதறும் ஆவியின் ஒளியை ஒரு நிறமாலைக் கருவி படிக்கிறது. எந்தத் தனிமம் பறக்கிறது என்று அதற்குத் தெரியும். அழுக்கின் தனிமம் தீர்ந்து ஓவியத்தின் தனிமம், ஈயமோ பாதரசமோ, தலைகாட்டியதும் ஒளி நின்றுவிடும். மனிதக் கண்ணுக்குச் சாத்தியமில்லாத நுட்பம். ஆனால் இதில் அடங்கியிருக்கும் விஷயத்தை நிதானமாகப் பார்க்கவேண்டும். ஈயம் பறக்கிறது என்று தெரிய, கொஞ்சம் ஈயம் பறந்திருக்கவேண்டும். எல்லை எது என்று கருவி தெரிந்துகொள்வது எல்லையை மீறிய பிறகுதான். மீறல் அற்பமானது, கண்ணுக்குப் படாதது. சரி. ஆனால் இது கருவியின் குறை இல்லை, அறிதலின் விலை. சுத்தம் செய்கிற எவனும் இந்த விலையைக் கொடுக்கிறான். முன்பு கொடுத்தவனுக்கு அது உறைத்தது. பஞ்சின் நுனியில் வண்ணம் ஒட்டியதைக் கண்டதும் அவன் கை பின்வாங்கும், அன்றைய வேலையை நிறுத்திவிட்டு அவன் எழுந்து போகலாம், மறுநாள் வந்து தன் தீர்மானத்தையே மாற்றிக்கொள்ளலாம். அவன் செய்த தவறுகள் யந்திரத்தின் தவறுகளைவிடப் பெரியவை. ஆனால் வேலைக்கு நடுவே, இது அழுக்குத்தானா என்று ஐயுற அவனுக்கு இடம் இருந்தது. தானியங்கி முறையில் ஐயம் முழுவதும் விசையைத் தட்டுவதற்கு முன்பே தீர்ந்துவிடவேண்டும். எது அழுக்கு என்று ஒருமுறை எண்ணாக எழுதிக் கொடுத்துவிட்டால், அதன்பின் ஒவ்வொரு அங்குலத்திலும் அதே தீர்ப்பு, ஒரே சீராக, களைப்பில்லாமல் நிறைவேறும். தீர்ப்பு சொன்னவர் அந்த அறையில்கூட இல்லாமல் இருக்கலாம்.

எழுத்தாளர்களாகிய நமக்கு இந்தப் பிரச்னை அந்நியமானது அல்ல. டி.கே.சி. கம்பனைப் பதிப்பித்தபோது, தம் செவிக்குக் கம்பன் குரலாகக் கேட்காத பாடல்களைப் பெருமளவில் ஒதுக்கினார். சில இடங்களில் சொல்லையும் திருத்தினார். அவர் மனதில் ஓர் அசல் கம்பன் இருந்தான். அது அவருடைய மனக்கோயில். பண்டிதர்கள் கோபப்பட்டார்கள், ரசிகர்கள் கொண்டாடினார்கள். அவர் செவி நுட்பமான செவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரை நாம் இன்று நிம்மதியாக ரசிக்கமுடிவதற்குக் காரணம், அவர் ஒதுக்கியவை வேறு பதிப்புகளில் பத்திரமாக இருப்பதுதான். வை.மு.கோ. உரைப் பதிப்பை எடுத்தால் டி.கே.சி.யோடு வாதிடலாம். விமர்சனம் விமர்சனமாக இருப்பது, அது பேசுகிற பிரதியை அது அழித்துவிடாத வரைக்கும்தான். சிலைக்கு ஒரே பிரதி. அதில் ஒரு படலத்தை ஆவியாக்குகிறவன் தன் விமர்சனத்தைச் சொல்லும்போதே, எதிர்வாதம் செய்யவேண்டிய சாட்சியத்தையும் ஆவியாக்கிவிடுகிறான்.

அதனால் எதையும் தொடக்கூடாதா? அழுக்கே அழகு என்று புழுதியைக் கும்பிடும் ஒரு நோஞ்சான் ரசனை இருக்கிறது. அதோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1930-இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரசாயனப் பாதுகாப்புக் கூடம் ஏற்பட்டது. எஸ். பரமசிவன் அங்கே மின்னாற்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளைக் காப்பாற்றினார். மண்ணுக்கடியில் கிடந்து வந்த செம்பில் குளோரைடு உப்பு தங்கிவிட்டால், அது ஈரக்காற்றில் உள்ளிருந்தே தின்றுகொண்டு போகும். வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். அந்தப் பச்சைப்பொடியை ரசித்துக்கொண்டு நிற்பவன் நோயாளியின் ஜுரச் சிவப்பை ரசிப்பவன். வெனிஸின் கருந்தோலும் அப்படித்தான். கந்தக அமிலம் பளிங்கை ஜிப்ஸமாக்கி, தோலோடு கல்லும் உதிரும்.

ஆகவே இரண்டு வகை அழுக்கு உண்டு. பொருளைத் தின்னும் அழுக்கு, பொருளை மறைக்கும் அழுக்கு. முதலாவதை நீக்க நமக்குள்ள உரிமை பொருளின் நோயிலிருந்து வருகிறது. அங்கே லேசரைப்போல் தயவான மருத்துவன் இல்லை. தானே இயங்கினால் இன்னும் நல்லது. இரண்டாவதை நீக்க நாம் காட்டும் உரிமை நம் கண்ணின் பசியிலிருந்து வருகிறது. கண்ணின் பசி கேவலமானது என்று சொல்லமாட்டேன், தஞ்சையின் சுந்தரரை நமக்குத் தந்தது அதுதான். ஆனால் அந்த உரிமையை ஒவ்வொரு முறையும் நிரூபிக்கவேண்டும், பெயரைப் போட்டு, காரணத்தை எழுதி. மலிவாகவும் வேகமாகவும் சேதமில்லாமலும் ஒரு கருவி வந்துவிட்டால் நிரூபிக்கும் பொறுப்பு மங்கிவிடும். கடினமாக இருந்தபோது, செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டோம். சுலபமானதும், ஏன் செய்யக்கூடாது என்று கேட்போம். லேசரிடம் எனக்குள்ள பயம் இவ்வளவுதான். அது கெடுத்துவிடும் என்பதல்ல, கெடுக்காது என்பதாலேயே யாரும் யோசிக்கமாட்டார்கள் என்பது.

மேல்நாட்டில் நேர்மையான மீட்பாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓவியத்தையோ சுவரையோ சுத்தம் செய்யும்போது ஓர் ஓரத்தில் சிறு சதுரத்தை அப்படியே, கரியோடு, விட்டுவைப்பார்கள். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கும். எங்கள் தீர்ப்புக்கு எதிரான சாட்சி இதோ இருக்கிறது, வேண்டுமானால் வழக்கை மறுபடி எடுங்கள் என்று வருங்காலத்துக்குச் சொல்லும் சதுரம் அது. நம் கோயில் ஒன்றில், பளிச்சென்று துலங்கும் தூணில், ஒரு கையகலக் கரியை வேண்டுமென்றே விட்டுவைக்க எந்தத் திருப்பணிக் குழு சம்மதிக்கும்? சம்மதித்தாலும், குடமுழுக்கன்று காலை யாராவது ஒரு பக்தர் ஈரத்துணியோடு வந்து அதைத் துடைத்துவிடுவார்.

தேதி குறித்தாகிவிட்டதே என்பார்கள். நம் திருப்பணிகளில் பாதி அக்கிரமம் தேதியின் பேரால் நடக்கிறது. நின்றவூர்க் கதையிலும் தேதி குறித்தாயிற்று, மன்னனே குறித்தது, கோயில் தயார், ஏற்பாடுகள் தயார். அந்தக் கதையில் இறைவன் மன்னனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தள்ளி வை. மன்னன் தள்ளி வைத்தான். ஏன் என்று அறியக் கிளம்பி வந்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பினான். அவன் கட்டியதாகச் சொல்லப்படும் கோயிலில், பிற்காலச் சுண்ணத்துக்கு அடியில், இன்னும் யாரும் பார்க்காத பல்லவ வண்ணம் இருக்கக்கூடும். அது அங்கேயே இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகட்டும்.